கால் எலும்பு வலியோடு மூன்று மாதம்: நீச்சலா, சைக்கிளா, மணலா, ஓய்வா?

டிசம்பர் மழை விட்டு, நங்கநல்லூரில் எங்கள் தெருத் தண்ணீர் வடிந்த மறுநாளே ஷூவை மாட்டிவிட்டேன். ஜனவரி மாரத்தானில் பத்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்தாயிற்று. மழையில் இரண்டு வாரம் போய்விட்டது, விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம். ஐந்து நாளில் ஐந்து ஓட்டம். ஆறாம் நாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி டைல்ஸ் தரையில் கால் வைத்தபோது, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, உள்பக்க எலும்போரமாக, யாரோ உள்ளிருந்து சுரண்டுவதுபோல் ஒரு வலி. இரண்டு காலிலும்.

ஓடுகிறவர்கள் இதை ஷின் ஸ்ப்ளின்ட் என்பார்கள். டாக்டர் சீட்டில் மீடியல் டிபியல் ஸ்ட்ரெஸ் சிண்ட்ரோம் என்று இருக்கும். சென்னையில் இந்த வலிக்கென்றே ஒரு சீசன் இருப்பதாக எனக்குத் தோன்றும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஊரின் பெரிய மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில். பயிற்சி ஏறுமுகமாக இருக்க வேண்டிய வாரங்களில்தான் வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் தண்ணீர் நிற்கும். வீட்டில் முடங்கிக் கிடந்துவிட்டு, வெயில் அடித்ததும் இரட்டிப்பாக ஓடுவோம். இல்லையென்றால் என்னைப்போல மொட்டை மாடியில் நாற்பது சுற்று, ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி.

சுமை திடீரென்று ஏறுவதுதான் இதில் பெரிய குற்றவாளி. எலும்பு உயிருள்ள பொருள். வேலை கூடினால், பழைய பகுதியைக் கொஞ்சம் கரைத்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டும். விரிசல் விட்ட பூச்சைக் கொத்திவிட்டுப் பூசுகிற கொத்தனார் மாதிரி. கொத்தியதற்கும் பூசியதற்கும் நடுவில் சில வாரங்கள் சுவர் முன்பைவிட மெலிந்துதான் இருக்கும். அந்த நேரம் பார்த்து நாம் ஐந்து நாளில் ஐந்து ஓட்டம் ஓடுகிறோம். ஆடுசதையின் உள்தசைகள் பற்றியிருக்கும் எலும்பு மேலுறையும் இழுபட்டு நோகும். இந்த வலி நாள்பட்டவர்களுக்கு அந்த இடத்து எலும்பின் அடர்த்தியே குறைந்திருந்ததும், குணமான பிறகு அது திரும்பி வந்ததும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று பேசுவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. நான் போன பிசியோதெரபிஸ்ட் முதலில் கேட்டது இதைத்தான்: "மேடம், வலிக்கிற இடத்தைக் கையால காட்டுங்க." நான் உள்ளங்கையை எலும்போரமாக நீளவாக்கில் தடவிக் காட்டினேன். "நல்லது. ஒரே விரலை ஒரே இடத்துல வச்சிருந்தீங்கன்னா நான் உங்களை ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேன்" என்றார்.

வலி ஐந்து சென்டிமீட்டருக்கும் மேல் பரவலாக இருந்தால் பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரே புள்ளியில் குத்தினால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், ஒற்றைக் காலில் குதித்தால் உயிர் போனால், அது எலும்பு முறிவின் ஆரம்பக் கீறலாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகும், எம்ஆர்ஐயில்தான் பிடிபடும். "எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்ணுமில்லையாம்" என்று ஓடப் போகிறவர்கள் கவனிக்க. ஓட ஓடக் கால் கல்லாகி, பாதம் மரத்துப்போய், நின்றதும் சரியாகிறது என்றால் அது தசையறைகளில் அழுத்தம் ஏறும் வேறொரு சிக்கல். ஒரே ஒரு ஆடுசதை மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம்; அன்றைக்கே ஆஸ்பத்திரி. மாதவிடாய் தள்ளிப்போகிற பெண்கள், ஓட்டத்தோடு சாப்பாட்டையும் குறைத்தவர்கள், அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எலும்பின் பலத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. வைட்டமின் டி-யையும் பார்த்துவிடலாம். வருஷம் முழுக்க வெயில் அடிக்கிற ஊரில், விடிவதற்குள் ஓடி முடித்து ஏசி அறைக்குள் போய்விடுகிற நமக்கு அது குறைவாக இருப்பது ஒன்றும் அதிசயமில்லை.

இதெல்லாம் இல்லை, வெறும் ஷின் ஸ்ப்ளின்ட்தான் என்று தெரிந்த பிறகுதான் குழப்பமே ஆரம்பிக்கிறது. ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எங்கள் ரன்னிங் குரூப்பில் ஒரு தம்பி, "ஓடி ஓடியே சரி பண்ணிடலாம்க்கா" என்றான். அத்தை சுடுதண்ணீரும் தைலமும். ஆபீஸில் ஒருவர் முழங்கால் வரை இறுக்குகிற சாக்ஸ் வாங்கச் சொன்னார்.

1974-இல் அமெரிக்கக் கடற்படைப் பயிற்சிக் கழகத்தில், இந்த வலி வந்த பயிற்சி வீரர்களை ஐந்து குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஐஸ், ஆஸ்பிரின், இன்னொரு வலி மாத்திரை, குதிகால் தசைநாரை நீட்டும் பயிற்சி, மாவுக்கட்டு. எதுவும் எதையும் ஜெயிக்கவில்லை. ஓட்டத்தை நிறுத்தியது மட்டும்தான் எல்லாருக்கும் பொது. 2012-இல் நெதர்லாந்தில் 74 விளையாட்டுக்காரர்களை மூன்று குழுவாக்கினார்கள்: படிப்படியாக ஓட்டம் மட்டும், ஓட்டத்தோடு ஆடுசதைப் பயிற்சி, ஓட்டத்தோடு இறுக்கு சாக்ஸ். மூன்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. பதினெட்டு நிமிடம் தொடர்ந்து ஓடும் நிலைக்கு வர மூன்று குழுவுக்குமே சராசரியாக நூறு நாளுக்கு மேல் ஆனது.

அந்த நூறு நாள்தான் என் கணக்கையே மாற்றியது. கேள்வி "எது சிறந்த வைத்தியம்" என்பதில்லை. ஓட்டத்தைக் குறைத்து எலும்புக்கு அவகாசம் கொடுத்தாக வேண்டும், அதில் பேரமில்லை. அந்த மூன்று மாதமும் மூச்சு, தசை, வழக்கம் மூன்றையும் எதை வைத்துக் காப்பாற்றுவது? காகிதத்தில் எது உயர்ந்தது என்று பார்க்காதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து, உங்கள் வேலை நேரத்தோடு, நூறு நாள் விடாமல் எதைச் செய்ய முடியும் என்று பாருங்கள். நான் அப்படித்தான் ஒவ்வொன்றையும் எடை போட்டேன்.

முழு ஓய்வு

வலி உச்சத்தில் இருக்கும் முதல் ஒன்றிரண்டு வாரம், நடந்தாலே நோகிறவர்களுக்கு, வேறு வழியில்லை. அதற்குமேல் நீட்டினால் எலும்புக்குப் பெரிய லாபமில்லை, மற்ற எல்லாவற்றுக்கும் நஷ்டம். மூச்சு இறங்கும், ஆடுசதை இளைக்கும், எடை ஏறும். "வலியே இல்லையே" என்று ஒரு நாள் காலை பழைய வேகத்தில் கிளம்புவோம். பத்தாவது நாள் திரும்பவும் கட்டில் ஓரம். இந்தச் சுழலில் இரண்டு வருஷமாக மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

வலியோடு ஓடுவது

மாத்திரை போட்டுக்கொண்டு, டேப் ஒட்டிக்கொண்டு, பெயின் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு. இதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். மாத்திரை வலியைத்தான் மறைக்கும், சுமையைக் குறைக்காது. அலாரம் கத்துகிறது என்று வயரைப் பிடுங்குகிற வேலை. ஐஸ் வைத்தால் சுகமாக இருக்கும், வையுங்கள். அதை வைத்தியம் என்று நம்பி அடுத்த நாள் ஓடிவிடாதீர்கள்.

தண்ணீர்

எலும்புக்கு இதைவிடக் கருணையான இடம் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடல் எடையில் பாதிதான் கால் தாங்கும். நெஞ்சளவில் மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவில் பத்தில் ஒன்று. சாலையில் ஓடும்போதோ ஒவ்வொரு அடிக்கும் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு தரையில் மோதுகிறது.

நீச்சல் தெரியாதவர்கள் இதைத் தாண்டிப் படித்துவிட வேண்டாம். தண்ணீரில் ஓடலாம். ஆழமான பக்கத்தில் இடுப்பில் மிதவை பெல்ட் கட்டிக்கொண்டு, கால் தரையில் படாமல், சாலையில் ஓடுவதுபோலவே கையையும் காலையும் வீச வேண்டும். அடிபட்ட ஓட்டக்காரர்கள் தங்கள் மூச்சுத் திறனைப் பல வாரங்கள் காப்பாற்றிக்கொள்வது இப்படித்தான். ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் நிதானம் என்று இருபது நிமிடம் செய்தால் கரையேறும்போது கை நடுங்கும். ஆனால் சலிப்பென்றால் அப்படியொரு சலிப்பு. சுவரையே பார்த்துக்கொண்டு ஓட வேண்டும். பக்கத்து லேனில் குழந்தைகள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். நீந்தத் தெரிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சுவரைக் காலால் உதைத்துத் திரும்புவதும், விரல் நுனியை விறைப்பாக நீட்டி உதைப்பதும் சிலருக்கு அந்த இடத்தையே கிளறும். கால் நடுவே மிதவையை வைத்துக்கொண்டு கையால் மட்டும் நீந்தலாம்.

சென்னையில் தண்ணீர் எங்கே? மெரினாவில் மாநகராட்சிக் குளம் இருக்கிறது. வேளச்சேரியில் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய நீச்சல் வளாகம் இருக்கிறது. எனக்கு அது பக்கம். தனியார் குளங்களும் அப்பார்ட்மென்ட் குளங்களும் ஏராளம். சிக்கல் குளத்தில் இல்லை, நேரத்தில். பெரும்பாலான இடங்களில் பேட்ச் முறை, பெண்களுக்குத் தனி நேரம். நான் விசாரித்த ஒரு இடத்தில் பெண்கள் நேரம், நான் ஆபீஸில் கணினியைத் திறக்கிற நேரம். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு எந்த உலகத்தில் அந்த நேரம் தோது என்று யாராவது ஒருநாள் கேட்க வேண்டும். முதல் நாளே ஆர்வத்தில் மூன்று மாதத்துக்குக் கட்டிவிடாமல், பத்து நாள் போய்வர முடிகிறதா என்று பாருங்கள். பெரம்பூரிலிருந்து வேளச்சேரிக்கு நீந்த வருகிறேன் என்பது இரண்டாவது வாரமே நின்றுபோகும்.

சைக்கிள்

என் பார்வையில் சென்னைக்காரர்களில் அதிகம் பேருக்கு ஒத்துவருவது இதுதான். எடையை சீட் தாங்குகிறது, மோதல் கிடையாது, மூச்சு வாங்கும். சீட் உயரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்: பெடல் கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும் அளவு. விரல் நுனியால் மிதிக்காமல் பாதத்தின் நடுப்பகுதியை நோக்கிப் பெடலைத் தள்ளி வைத்தால் ஆடுசதைக்கு வேலை குறையும். கனமான கியரில் எழுந்து நின்று மிதிப்பதை முதல் மாதம் தவிர்க்கலாம்.

சாலையா, ஜிம்மா? ஞாயிறு விடிகாலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு பக்கம் போய்வருகிற கூட்டத்தைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். திருவான்மியூர் தாண்டியதும் கடல் காற்று, பாலத்துக்குக் கீழே காயல். ஆனால் அது வாரத்துக்கு ஒரு நாள் சமாசாரம். ஏழு மணி தாண்டினால் கார்களின் வேகம் பயமுறுத்தும்; புதிதாக ஓட்டுகிறவர்கள் கால் வலிக்குத் தப்பித்துக் கை எலும்பை உடைத்துக்கொள்ளக் கூடாது. மீதி நாட்களுக்கு அப்பார்ட்மென்ட் ஜிம்மில் துணி காயப்போடுகிற ஸ்டாண்டாக ஆகிவிட்ட சைக்கிள் போதும். மழை, வெள்ளம், பவர்கட் எதுவும் அதைத் தடுக்காது. ஓட்டத்தில் எப்படி வேகமும் நிதானமும் மாறி மாறிச் செய்வோமோ அதையே இதில் செய்யலாம். அதே ஜிம்மில் கிராஸ் டிரெய்னர் இருந்தால் இரண்டாவது மாதம் அதற்கு மாறலாம்; ஓட்டத்துக்கு நெருக்கமான அசைவு, ஆனால் பாதம் மிதிதட்டை விட்டு எழும்புவதில்லை. டிரெட்மில்லும் ஓட்டம்தான்; மாற்று வழி என்று அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மணல்

"ரோடு கடினம், பீச் மணல் மெத்துனு இருக்கும், அங்க ஓடு" என்று எனக்குச் சொன்னவர்கள்தான் அதிகம். நானும் நம்பி எலியட்ஸ் கடற்கரைக்குப் போனேன். மோதல் குறைவது உண்மை. ஆனால் உலர்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையைவிட 1.6 மடங்கு சக்தி செலவாகும். அந்தக் கூடுதல் வேலையைச் செய்வது யார்? குதிகால் புதையப் புதைய உந்தித் தள்ளுகிற ஆடுசதை. நோகிற எலும்பைப் பற்றியிருக்கும் அதே தசை. அதுவும் வெறுங்காலோடு. தண்ணீர் ஓர ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். போகும்போது ஒரு கால் பள்ளத்தில், வரும்போது இன்னொன்று. கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்திலிருந்து அரை கிலோமீட்டர் போய்த் திரும்பியதற்கு நான் மூன்று நாள் அனுபவித்தேன். நல்ல காலுக்கு மணல் அருமையான பயிற்சி. வலிக்கிற காலுக்கு, முதல் இரண்டு மாதம், உட்கார்ந்து சுண்டல் சாப்பிட மட்டும்.

தரையை மட்டும் குற்றம் சொல்வதும் சரியில்லை. தரை எவ்வளவு கடினமோ அதற்கேற்பக் கால் தன் விறைப்பைத் தானே மாற்றிக்கொள்கிறது. பழகிய தரையிலிருந்து பழகாத தரைக்குத் திடீரென்று தாவுவதுதான் ஆபத்து.

நடை

நாகேஸ்வர ராவ் பூங்காவிலும் அண்ணா நகர் டவர் பூங்காவிலும் காலையில் நடக்கிறவர்களைப் பார்த்து ஓட்டக்காரர்களுக்கு ஒரு இளக்காரம் உண்டு, எனக்கும் இருந்தது. வலியில்லாமல் முப்பது நிமிடம் வேகமாக நடக்க முடிகிறதா என்பதுதான் ஓட்டத்துக்குத் திரும்புவதற்கான முதல் பரீட்சை என்று தெரிந்ததும் அது போயிற்று. மூச்சுத் திறனைக் காக்க நடை மட்டும் போதாது. சைக்கிளோடு சேர்த்தால் போதும்.

குறைத்து ஓடுவது

வலி ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு, ஓடத் தொடங்கும்போது லேசாக நொந்து, சூடானதும் மறைகிறவர்களுக்கு, முழுசாக நிறுத்தத் தேவையில்லாமலும் போகலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டுத் தடவை. பத்துக்கு இரண்டு மார்க்குக்கு மேல் வலிக்கக் கூடாது; மறுநாள் காலை அழுத்திப் பார்த்தால் நேற்றைவிட அதிகமாக நோகக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் அடுத்த வாரம் ஓட்டத்தை அரை நிமிடம் கூட்டலாம். அதே வாரத்தில் வேகத்தையும் கூட்டாதீர்கள், ஷூவையும் மாற்றாதீர்கள். அடியைச் சுருக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டினால் காலில் விழும் சுமை குறையும். 160 என்றால் 170. முதலில் கோழி ஓடுவதுபோல் கூச்சமாக இருக்கும், பழகிவிடும்.

எங்கள் எதிர்வீட்டுத் தம்பிக்கு நான் சொன்னது இதைத்தான். அவன் காவலர் தேர்வுக்குத் தயாராகிறான். 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். தேதி வந்துவிட்டால் அவனுக்கு நூறு நாள் அவகாசமெல்லாம் கிடையாது. கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி என்ற வேகத்துக்கு மூச்சை சைக்கிளில் ஏற்றிக்கொள்ளலாம், கால்களை வாரத்தில் இரண்டு நாள் குட்டி ஓட்டங்களில் பழக்கலாம். தினமும் மைதானத்தைப் பத்துச் சுற்று சுற்றுவதால் அவன் வேகம் கூடப்போவதில்லை. "ஊசி ஏதாவது போட்டுக்கிட்டு ஓடிறலாமாக்கா?" என்று கேட்டான். புள்ளி வலி வந்தால் அன்றைக்கே ஸ்கேன், ஊசி கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவன் அம்மாவிடமும்.

எந்த வழியை எடுத்தாலும் கூடவே ஆடுசதையைப் பலப்படுத்தலாம். படிக்கட்டு ஓரத்தில் நின்று குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குவது, முழங்காலை நேராக வைத்து ஒரு முறை, மடக்கி வைத்து ஒரு முறை. வலியைச் சீக்கிரம் போக்குமா என்றால், நெதர்லாந்து ஆய்வில் போக்கவில்லை. திரும்பி ஓடும்போது சுமை தாங்க ஒரு பலமான தசை இருக்கட்டும் என்றுதான் செய்கிறேன். அதிர்ச்சி தாங்கும் இன்சோல், இந்த வலி வராமல் தடுப்பதில் சில ஆய்வுகளில் ராணுவப் பயிற்சி வீரர்களுக்குக் கொஞ்சம் உதவியிருக்கிறது.

இன்னொன்று, நாம் கணக்கிலேயே சேர்க்காதது: மீதி இருபத்துமூன்று மணி நேரம். வெளியே தட்டைச் செருப்பு, வீட்டில் வெறுங்கால், கீழே டைல்ஸ் அல்லது கிரானைட். வீட்டுக்குள் போட மெத்தென்று ஒரு ஜோடி வாங்கினேன். "வீட்டுக்குள்ள செருப்பா?" என்று அத்தை இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாமி அறைக்குப் போகும்போது கழற்றிவிடுவேன் என்று சமாதானம் ஆயிற்று. தி. நகர் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு ஓடாமலே கால் நோகும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே வந்தது. அப்படி நின்று வேலை பார்த்துவிட்டு மாலையில் ஓடுகிறவர் நான் சொன்ன அளவில் பாதியிலிருந்து தொடங்குவது நல்லது.

நான் எடுத்த முடிவு: வாரத்தில் மூன்று நாள் அப்பார்ட்மென்ட் ஜிம் சைக்கிள், சனிக்கிழமை வேளச்சேரியில் தண்ணீர், மற்ற நாள் நடை. ஜனவரி பத்து கிலோமீட்டரை விட்டுவிட்டேன். அன்றைக்கு ஓரமாக நின்று தண்ணீர் பாட்டில் நீட்டினேன், வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது ஒன்பதாவது வாரம். நேற்று முதல் தடவையாக ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டுத் தடவை. இடது கால் சத்தம் போடவில்லை. வலது காலில் கடைசி இரண்டு தடவை ஏதோ லேசாக முனகியது, பத்துக்கு ஒன்று போடலாம். இன்று காலை கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னால் கட்டைவிரலால் எலும்போரத்தை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் கொஞ்சம் யோசித்தேன். நாளை ஓட்டம் இல்லை, சைக்கிள்தான்.